ரீகம்பாபுலேஷன்

பெல்ட் ஒரு கையில், லேப்டாப் மறுகையில், ஷூ லேஸ் தரையில் இழுபட அமெரிக்காவின் மில்வாக்கி ஏர்போர்ட் செக்யூரிட்டியைத் தாண்டினால், தலைக்கு மேல் ஒரு போர்டு: 'ரீகம்பாபுலேஷன் ஏரியா'.

கீழே நாற்காலிகள். ஒரு பெரியவர் பெல்ட்டை ஒவ்வொரு லூப்பாகக் கோர்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை விரட்டவில்லை.

ஆங்கிலத்தில் 'டிஸ்கம்பாபுலேட்' என்றால் ஆளைத் திக்குமுக்காட வைப்பது. கேட்டால் லத்தீன் மாதிரி இருக்கும், லத்தீன் இல்லை. 1830கள் வாக்கில் அமெரிக்கர்களுக்கு வாய் நிறையப் போலி லத்தீன் கட்டுவதில் ஒரு கிறுக்கு. சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டுவதற்குக்கூட 'அப்ஸ்குவாட்டுலேட்' என்று ஒன்று வைத்திருந்தார்கள்!

'டிஸ்கம்போஸ்' போன்ற பழைய சொல்லை வேண்டுமென்றே இழுத்து நீட்டியிருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் கணிப்பு.

இதில் கூத்து என்னவென்றால், 'கம்பாபுலேட்' என்று முதலில் ஒரு சொல்லே கிடையாது. குலைந்து போவதற்கு மட்டும்தான் வார்த்தை.

2008-ல் இந்த ஏர்போர்ட்காரர்கள் 'டிஸ்'ஸைக் கழற்றிவிட்டு, மறுபடி என்கிற அர்த்தத்தில் முன்னால் ஒரு 'ரீ' போட்டு மாட்டிவிட்டார்கள். அந்த ஆண்டின் மிகப் புதுமையான சொல் என்று அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டியும் ஓட்டுப் போட்டது.

ஏர்போர்ட் போர்டு என்றாலே கழற்று, காட்டு, நட என்கிற ரகம்தான். கொஞ்சம் உட்கார்ந்து ஆளைச் சரிபண்ணிக்கொள் என்கிற போர்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.