அவன் கையில் இருந்த ஹோஸ்

"அண்ணா, உள்ளே தூள் மாதிரி ஏதோ தெரிகிறது" என்றான் பையன்.

"பிறகு பில்டர் எதற்கு இருக்கிறது? மாட்டு" என்றேன்.

ஜீப்பின் அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். ஆயில் பில்டர் இருந்த இடத்தில், ஹோஸ் மாட்டுவதற்கான அடாப்டரை உட்காரவைத்து, ஓ-ரிங் பிதுங்காமல் நடுபோல்டை முறுக்கிக்கொண்டிருந்த நேரம். கண்ணோரம் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் இருந்தது என்று காட்டத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். நினைக்க நினைக்க அந்தக் காரணம் வளர்ந்துகொண்டே போகிறது. எண்ணெய் சொட்டியது முதல் வருடம் என் நினைவில் இல்லை.

என் பதில் பாதிக்குச் சரி. பில்டரை இடம் மாற்றினால் இரண்டு ஹோஸ் வரும். ஒன்று பம்ப் தள்ளும் எண்ணெயைப் பில்டருக்குக் கொண்டுபோவது. மற்றது வடிகட்டியதை எஞ்சினுக்குத் திருப்பிக் கொண்டுவருவது. போகும் ஹோஸில் தூள் கிடந்தால் பில்டர் பிடித்துக்கொள்ளும். வரும் ஹோஸில் கிடந்தால், அதற்கும் எஞ்சின் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்குக்கும் நடுவே ஒரு சல்லடைகூடக் கிடையாது. பையன் கையில் இருந்தது எது?

அந்த வேலையில் நான் அவசரப்பட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவரின் பழைய ஜீப் அது. கோவை உக்கடத்தில் வாங்கிய பழைய டீசல் எஞ்சின் ஒன்றை அதில் ஏற்றியிருந்தோம். எஞ்சின் உட்கார்ந்த இடத்தில் பில்டர் ஸ்டீயரிங் பாக்ஸை முட்டிக்கொண்டு நின்றது, கழற்ற வழியில்லை. பில்டரை இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கவாட்டுத் தகட்டில் வைப்பது என்று முடிவானது. ஹீட்டர் ஹோஸும் இரண்டு கிளிப்பும் போட்டால் போதாதா என்று கேட்டார் தோட்டக்காரர். சுடுதண்ணீருக்குச் செய்த ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும், ஒரு மலை ஏறுவதற்குள் கிளிப்பிலிருந்து நழுவிவிடும் என்று அவரை உட்காரவைத்து விளக்கினேன்.

அடுத்து கணபதியில் ஒரு ஹோஸ் கடை. கடைக்காரர் இரண்டு கம்பி வலை பின்னிய ஹைட்ராலிக் ஹோஸை எடுத்துப் போட்டார். ஜே.சி.பி.க்கே இதுதான் போகிறது, உங்கள் ஜீப் எந்த மூலைக்கு என்றார். 200 பார் அழுத்தத்துக்கு மேல் தாங்கக்கூடிய சரக்கு. எஞ்சினில் ஓடுவது சூட்டில் ஐந்து பார். அழுத்தத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கேட்டது வெப்பத்தை. அந்த ஹோஸுக்கு 100 டிகிரிதான் எல்லை. சுமையோடு முதல் கியரில் அரை மணி நேரம் மலை ஏறும் டீசல் எஞ்சினில் எண்ணெய் 120-ஐத் தொடும். உடனே வெடித்துவிடாது, உள்ளே இருக்கும் ரப்பர் மெல்ல இறுகி, ஒரு வருடம் கழித்து வெடிப்பு விடும். அதனால் துருப்பிடிக்காத கம்பி பின்னிய டெஃப்லான் ஹோஸ்தான் வேண்டும் என்று நின்றேன். 200 டிகிரி தாங்கும். விலை இரண்டு மடங்குக்கும் மேல். தோட்டக்காரர் போனில் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது.

அளவு பத்தாம் நம்பர். ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்தால் அதில் பத்து, அதாவது 5/8 அங்குலம். எட்டாம் நம்பர் போட்டால் பணம் குறையும், ஆனால் காலையில் தேன்போல் கெட்டியாக இருக்கும் எண்ணெய் அதற்குள் தவழ்ந்து போவதற்குள் பேரிங் வறண்டுவிடும். முனைகளில் சட்டென்று திரும்பும் எல்போ வேண்டாம், வளைந்து போகும் குழாயாக இருக்கட்டும் என்றேன். டெஃப்லான் ஹோஸ் ஒருமுறை மடங்கிவிட்டால் பிறகு நிமிராது. ஆகவே தகட்டின் இடத்தையே நான்கு விரல் தள்ளிவைத்தேன்.

பில்டரைத் தாங்கும் தலையில் ஹோஸை இணைக்கக் கடைக்காரர் கொடுத்த நிப்பிளையும் திருப்பி அனுப்பினேன். தலை அமெரிக்க மரை, நிப்பிள் பிரிட்டிஷ் மரை. இரண்டும் அரை அங்குலம், இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரை. கையால் திருகினால் சொந்த ஜோடிபோல ஏறும். மரையின் கோணம் ஒன்றில் 60 டிகிரி, இன்னொன்றில் 55 டிகிரி என்பது எண்ணெய் கசியும்போதுதான் தெரியவரும். மரை அளக்கும் கேஜை வைத்துக் காட்டினேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதை இருந்தது. அதை வீடு வரை கொண்டுபோனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இவ்வளவையும் பார்த்தவன் ஹோஸை எப்படி அறுத்தார்கள் என்பதை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதுகூடப் பொய். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பின்னல் பிரியாமலிருக்க டேப் சுற்றிக் கட்டிங் வீலில் வைத்தார்கள், பொறி பறந்தது, பிறகு முனையைப் பிரஸ்ஸில் கொடுத்து அமுக்கினார்கள். அந்தப் பொறியெல்லாம் எஃகுத் துகள், ஒரு பங்காவது குழாய்க்குள் போயிருக்கும் என்ற எண்ணம் அப்போது எழவில்லை. எழுந்திருந்தால், மரைக்காக அத்தனை பேசியவன், ஒரு லிட்டர் டீசலை ஊற்றி அலசச் சொல்லியிருக்க மாட்டேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நம்புகிறேன். ஆனால் பையன் வாய்விட்டுச் சொன்னபோதே நான் சொல்லவில்லையே.

மாட்டிய பிறகு செய்தவற்றிலும் குறை கிடையாது. போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் மாற்றி மாட்டினால் பில்டரின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் வழியை அடைத்துவிடும் என்பதால், வரும் ஹோஸில் சிவப்பு டேப் சுற்றச் சொல்லியிருந்தேன். இரண்டு ஹோஸும் சேர்ந்து ஒன்றரை மீட்டர். கால் லிட்டர் எண்ணெய் கூடுதலாக ஊற்றினோம். டீசலைத் துண்டித்துவிட்டு, ஆயில் பிரஷர் கேஜில் முள் எழும்வரை வெறும் ஸ்டார்ட்டரை ஓட்டினோம். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

நான்காவது மாதம் ஜீப் கட்டியிழுத்து வந்தது. அடியில் தட்டும் சத்தம், முள் கீழே. அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பைக் கழற்றினால், கிராங்க்கைக் கவ்வும் பிக் எண்ட் பேரிங் ஷெல்லில் கோடு கோடாகக் கீறல். ஷெல்லின் மேற்பூச்சு மென்மையானது. கடினமான துகள் வந்தால் தன்னுள் புதைத்துக்கொள்ளத்தான் அதை அப்படி வைத்திருக்கிறார்கள். இங்கே புதைந்தும் இருந்தது, கீறியும் இருந்தது. மினுமினுக்கும் புள்ளிகளை ஊசியால் நெம்பி எடுத்துக் காந்தத்தை நீட்டினேன். சில ஒட்டின. ஷெல்லின் பூச்சு காந்தத்தில் ஒட்டாது, எஃகு ஒட்டும். ஆனால் கிராங்க்கும் எஃகுதானே?

பில்டரை அறுத்து மடிப்புகளை விரித்தபோது இரண்டு வெள்ளைச் சீவல்கள் கிடைத்தன. டெஃப்லான். கை நடுங்கியது உண்மை. அடுத்த நிமிடமே அந்த எஞ்சினின் ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சைக் கழற்றிப் பார்த்தேன். பழைய ஆள் எவனோ அதன் மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பைத் தாறுமாறாகச் சுற்றியிருந்தான். எனக்கு அவ்வளவு நிம்மதி தந்த அரைகுறை வேலை வேறொன்று இல்லை. சீவல் ஹோஸிலிருந்து வந்ததாகவே இருந்தாலும் ஒன்றும் தெளிவாகாது. பேரிங்கைக் கீறிவிட்டு வரும் துகளும் சம்ப்பில் விழுந்து, பம்ப் வழியாகக் கடைசியில் பில்டருக்குத்தான் வந்து சேர வேண்டும்.

தோட்டக்காரரிடம், பழைய எஞ்சின், முன்பு எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியதோ என்றேன். உண்மை. பக்கவாட்டுச் சரிவில் ஓட்டும்போது எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும், அதனாலும் இப்படி ஆகும் என்றேன். அதுவும் உண்மை. ஹோஸைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பொருளுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு கூலியை விட்டுவிட்டேன். "உங்களைப் போல யார் செய்வார்கள்" என்றார். தோட்டத்திலிருந்து இளநீர்க் குலை ஒன்றும் அனுப்பிவைத்தார். பட்டறையில் எல்லோரும் குடித்தார்கள்.

பையனைக் கேட்டால் தெரிந்துவிடும் என்பதுதான் இதில் சங்கடம். சிவப்பு டேப் சுற்றியவனே அவன். இரண்டில் எதைத் தூக்கிப் பார்த்தான் என்பது அவனுக்கு நினைவிருக்கலாம். அவ்வளவு ஏன், நான் என்ன சொன்னாலும் கம்ப்ரஸர் காற்றை அடித்து ஊதிவிட்டுத்தான் மாட்டியிருப்பான். அன்று காற்றுச் சத்தம் கேட்டதாக ஓர் எண்ணம் எனக்கு உண்டு. பட்டறையில் என்றைக்குத்தான் காற்றுச் சத்தம் கேட்கவில்லை? சின்னப் பையன், கேட்டால் பழியைத் தன் தலையில் போடுவதாகப் பயந்துவிடுவான் என்று ஓராண்டு சொல்லிக்கொண்டேன். இப்போது அவனுக்குக் கீழே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

போன வாரம் இன்னொரு வண்டிக்கு இதே வேலை வந்தது. கடையிலிருந்து வந்த இரண்டு ஹோஸையும் அவன் தட்டில் வைத்து டீசல் ஊற்றி அலசினான். துணியைக் கம்பியில் கட்டி உள்ளே இழுத்தான். பிறகு ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். இதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. பக்கத்தில் போய் நின்றேன். கேட்க வாயைத் திறந்தேன்.

"டேப் சுற்றிவிட்டாயா?" என்றேன்.

"சுற்றிவிட்டேன் அண்ணா" என்றான்.