110 பார்

பிப்ரவரி 11
எங்களுக்கு டைவிங் கற்றுக் கொடுத்த மாஸ்டர் கடைசியாகக் கடலுக்குள் கொண்டுபோன சிலிண்டர். அதன் காற்றழுத்த அளவுமானியில் 110 பார். அழிந்துவிடாமல் இங்கேயும் எழுதி வைக்கிறேன்: 110.

பிப்ரவரி 12
மாஸ்டரோடு அவசரமாக மேலே ஏறியதில் நடக்க முடியாமல் போன தம்பியை மறுபடியும் அழுத்த அறைக்குள் அனுப்பினார்கள். பருத்தி உடை மட்டும்தான். செல்போன், கைக்கடிகாரம், தலைக்கு எண்ணெய் எதுவும் கூடாது. 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம், இருபது நிமிடம் ஆக்சிஜன், ஐந்து நிமிடம் சாதாரணக் காற்று, மறுபடி ஆக்சிஜன். இன்றும் நீண்ட அட்டவணைதான்: 4 மணி 45 நிமிடம். வட்டக் கண்ணாடி வழியே அவனுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. உள்ளே இருந்த செவிலியர் பெருவிரலை அசைக்கச் சொன்னார். இடது அசைந்தது. வலது அசைந்ததா, அசைய வேண்டும் என்று நான் நினைத்ததா, தெரியவில்லை.

பிப்ரவரி 13
தம்பியின் டைவ் கணினியில் பதிவான வரைபடம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. 24 மீட்டரில் சீராகப் போகும் கோடு திடீரென்று செங்குத்தாக ஏறுகிறது. மேலே வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்ற பாடம் எல்லோருக்கும் ஒரே நாளில் ஞாபகம் வந்துவிட்டது. மாஸ்டரைப் பிடித்து நிறுத்தியிருக்கலாமாம். 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றுவிட்டு வந்திருக்கலாமாம். அப்படி நின்றிருந்தால், கூட இறங்கிய ஜோடியைத் தனியே விட்டுவிட்டான் என்று இதே வாய்கள்தான் பேசியிருக்கும். கரையில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் மூச்சு முட்டுவதில்லை.

பிப்ரவரி 14
தூங்கினேன்.

பிப்ரவரி 15
காற்று மாதிரியின் ஆய்வு முடிவு வந்தது. கார்பன் மோனாக்சைடு இல்லை. எண்ணெய்ப் படிவும் இல்லை. அன்று காலை ஒரே கம்ப்ரெசரில் நான் நிரப்பிய சிலிண்டர்களோடுதான் எல்லோரும் இறங்கினோம். ஒருவருக்கும் தலைவலிகூட வரவில்லை. அப்படியும் இத்தனை நாள் சிலர் என்னிடம் அளந்து அளந்துதான் பேசினார்கள். இன்று அவர்களில் இருவர் கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை.

பிப்ரவரி 16
மாஸ்டர் வீட்டு அக்கா போன் செய்தார். மற்றவர்களைப் போல ஆழம், வேகம் எதையும் கேட்கவில்லை.
“சிலிண்டரில் காற்று இருந்ததாப்பா?”
“இருந்தது அக்கா. பாதிக்கு மேல் இருந்தது.”
“அப்படியென்றால் காற்று இல்லை என்று ஏன் கை காட்டினார்?”
கையைத் தட்டையாக வைத்துத் தொண்டைக்குக் குறுக்கே அறுப்பது போன்ற சைகை. எங்கள் அத்தனை பேருக்கும் அதைக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். தம்பி உடனே தன் உபரி ரெகுலேட்டரை, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவியை, நீட்டியிருக்கிறான். இரண்டு மூச்சு இழுத்தாராம், துப்பிவிட்டாராம். தன்னுடையதை வாயில் வைத்தார், அதையும் துப்பினார். பிறகு மேலே.
110 பார்.

பிப்ரவரி 17
ஆடுகள் ஞாபகம் வந்தது. விஞ்ஞானி ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்து, 1908-இல் முடிவுகளை வெளியிட்ட கதையை மாஸ்டர் எல்லா முதல் வகுப்பிலும் சொல்வார். அழுத்தம் அவசரமாகக் குறைந்தால் ஆடு வலியில் முன்னங்காலைத் தூக்கிக்கொள்ளும். ஒரு கையை மடக்கிக்கொண்டு நொண்டியே காட்டுவார். புதியவர்கள் சிரித்து முடித்ததும் டைவ் கணினியைத் தட்டி, “இதற்குள் இருப்பது அந்த ஆடுகள் கொடுத்த கணக்கு” என்பார். சலித்துப்போன கதை. கடைசியாகச் சொன்னபோது நான் வெளியே சிலிண்டர் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 18
தம்பிக்குக் குழாய் இல்லாமல் சிறுநீர் பிரிந்தது! முதுகுத்தண்டு பிழைக்கிறது என்று அர்த்தமாம். குழுவில் அறிவித்தேன். ஒரு மனிதன் சிறுநீர் கழித்ததற்கு இவ்வளவு கைதட்டலை உலகம் பார்த்திருக்காது.

பிப்ரவரி 20
மருத்துவர் இன்று நேரம் ஒதுக்கிப் பேசினார். தண்ணீருக்குள் இருக்கும்போது கை கால்களில் உள்ள ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. சிலருக்கு நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அந்தச் சுமையைத் தாங்காமல் காற்றறைகளுக்குள் கசிந்துவிடும். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் போக வேண்டியதில்லை. நுரையீரல் உள்ளிருந்தே நிரம்பும். ரெகுலேட்டர் காற்றைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும், மூச்சு மட்டும் போதாது. காற்று வரவில்லை என்றே தோன்றும். வயது, உயர் ரத்த அழுத்தம், குளிர்ந்த நீர், கடும் உழைப்பு எல்லாம் ஆபத்தைக் கூட்டும். ஆனால் பயிற்சியில் இருந்த இளம் ராணுவ வீரர்களுக்கும் வந்திருக்கிறது. பிரேதப் பரிசோதனையில் மூழ்கிய நுரையீரலும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பதால் அறிக்கையில் உறுதியாக எழுதுவது கடினமாம்.

படகில் ஏற்றியபோது உதட்டில் இளஞ்சிவப்பு நுரை இருந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, “இருக்கலாம்” என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

தண்ணீரை விட்டு வெளியேறுவதுதான் இதற்கு முதல் சிகிச்சை என்றும் சொன்னார். அப்படியானால் மாஸ்டர் மேலே கிளம்பியதில் தவறில்லை. கூடவே ஏறியவனிடம் என்ன தவறு? இதைக் குழுவில் போட்டேன். “இருந்தாலும் ஒரு வேகம் இருக்கிறதே” என்று ஒருவர். குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன்.

பிப்ரவரி 23
தம்பி வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவு வரை நடந்தான். திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடிப் பக்கத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினான். “இப்படித்தான் கொடுத்தேன். தலைகீழாக நீட்டிவிட்டேனா, அண்ணா? தண்ணீர் உள்ளே போயிருக்குமா?” மணிக்கட்டைத் திருப்பினான், நேராக்கினான், மறுபடி திருப்பினான். மருத்துவர் சொன்னதை முழுவதும் சொன்னேன். கேட்டுக்கொண்டான். பாட்டிலைக் கீழே வைக்கவில்லை.

பிப்ரவரி 24
அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. ரத்த அழுத்த மாத்திரையைத் தினமும் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். ‘இருக்கலாம்’ என்று ஒரு பதிலை அவருக்கு எப்படிக் கொடுப்பது?

பிப்ரவரி 26
ஞாயிற்றுக்கிழமை இறங்கலாமா என்று மூன்று பேர் கேட்டார்கள். தண்ணீர் நன்றாகத் தெளிந்திருக்கிறதாம். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சிலிண்டர்களை நிரப்பிக் கொடுத்தேன். மருத்துவப் படிவத்தைப் புதிதாக எழுதித் தரச் சொன்னேன், முணுமுணுத்தார்கள். ரத்த அழுத்தம் பற்றிய கேள்வி அதில் எப்போதும் இருந்ததுதான். எல்லோரிடமும் வாங்கிக் கோப்பில் போட்டவர் மாஸ்டர். அவருடைய படிவம் எந்த வருடத்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அக்கா கூப்பிடுகிறார்,