அம்மாவின் முத்துமாலையைப் பிரித்துக் கோர்த்தேன்

1996-இல் அப்பா ஹைதராபாத் போனபோது சார்மினார் பக்கத்துக் கடைவீதியில் வாங்கிய மாலை. ஒற்றைச் சரம், ஒவ்வொரு முத்தும் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். பத்து வருடத்துக்கு மேலாக பீரோவிலேயே கிடந்தது. வைகாசியில் அக்கா மகள் கல்யாணம். அதற்குப் போடலாம் என்று தை மாதமே எடுத்துக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். கொக்கியை மாட்டும்போதே நூல் அறுந்து, கொக்கியோரம் நின்ற சிலவற்றைத் தவிர முத்தெல்லாம் தரையில் ஓடியது. பீரோவுக்கு அடியில், தையல் மிஷினுக்குக் கீழே, பாய்ச் சுருளுக்குள் என்று தேடிப் பொறுக்கி எண்ணினால் 71. நடுவில் ஒரு முடிச்சுகூட இல்லாமல் கோர்த்திருந்ததால்தான் அத்தனையும் சிதறியது.

கடையில் கொடுத்தால் ஒரே நாளில் கோர்த்துத் தந்துவிடுவார்கள். ஆனால் முத்தைக் கையில் வைத்துப் பார்க்கப் பார்க்க, நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. நான்கு மாதம் ஆனது. என்னென்ன செய்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

தை: முதலில் ஓட்டையைப் பார்த்தேன்

முறத்தில் வெள்ளைத் துண்டை விரித்து முத்துகளைக் கொட்டினேன். துண்டு இருந்தால் உருளாது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கியிருந்தேன். முத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அதன் முகத்தைவிட ஓட்டையைப் பார்ப்பதுதான் நல்லது. 66 முத்துகளில் ஓட்டையின் விளிம்பு சுத்தமாக இருந்தது. உள்ளேயும் அதே நிறம், வெங்காயத்தை வெட்டினால் தெரிகிற மாதிரி மெல்லிய அடுக்குகள். மீதி ஐந்தில் விளிம்பைச் சுற்றிப் பூச்சு உரிந்து, கீழே கண்ணாடி தெரிந்தது. அந்த ஐந்தில் நான்கு, அறுந்த நூலில் கொக்கிக்குப் பக்கத்திலேயே தங்கியிருந்தவை. இடையில் எப்போதோ கோர்க்கக் கொடுத்தபோது மாறியிருக்கலாம். எங்கே கொடுத்தோம் என்று அம்மாவுக்கு நினைவில்லை.

பல்லில் லேசாக உரசியும் பார்த்தேன். நிஜ முத்து மெல்லிய மணல் போல நறநறக்கும், கண்ணாடி வழுக்கிக்கொண்டு போகும்.

அம்மாவிடம் சொன்னபோது, “எல்லாமே கல்ச்சர் முத்துதானே, அப்புறம் என்ன அசல், நகல்?” என்றார். இத்தனை வருடம் அதைப் போடாமல் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கல்ச்சர் என்றால் போலி என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம், அது எனக்கு வருத்தம் தருகிறது.

கல்ச்சர் முத்து என்றால் வளர்ப்பு முத்து. அதில் மனிதர் செய்வது தொடக்கம் மட்டும்தான். நன்னீர் மட்டி என்றால் வேறொரு மட்டியின் உடல்திசுவில் ஒரு சிறு துண்டை வெட்டி இதற்குள் வைக்கிறார்கள். சீனாவில் ஒரே மட்டியில் முப்பது, நாற்பது துண்டுகூட வைப்பதுண்டு. ஜப்பானின் அகோயா வகைக் கடல்சிப்பி என்றால், சிப்பி ஓட்டில் கடைந்த ஒரு மணியையும் திசுவையும் சேர்த்து வைக்கிறார்கள். அந்தத் திசு பையாக வளர்ந்து, அடுக்கு அடுக்காகப் படலத்தைச் சுரக்கிறது. ஒரு அடுக்கின் தடிமன் அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இயற்கை முத்திலும் இதே பொருள், இதே வேலை. இரண்டையும் வெளிப்பார்வையில் பிரித்துச் சொல்ல முடியாது, எக்ஸ்ரே எடுத்து உள்ளே பார்க்க வேண்டும். எங்கள் மாலை நன்னீர் வகை. உள்ளே மணி எதுவும் இல்லாமல், கிட்டத்தட்ட முழுக்க முத்துப் படலமே.

ஜப்பானில் முத்து வளர்ப்பின் முன்னோடியான கோகிச்சி மிகிமோட்டோ 1893-இல் வளர்த்தது அரை உருண்டை முத்து. முழு உருண்டை வர இன்னும் பல வருடம் பிடித்தது. நம் மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-இல். அதே கடலின் சிப்பியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் தூத்துக்குடி பக்கம் முத்து வளர்த்துக் காட்டினார்கள். கொற்கை முத்து என்று பாடிய சிப்பிக்கும் அகோயாவுக்கும் ஒரே இனப்பெயர்தான். இதை அம்மாவிடம் சொன்னதும் முத்துகளைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மாசி: எலுமிச்சம்பழம்

66-இல் ஒரு முத்து ஓட்டையோரம் உடைந்திருந்தது. அதை எடுத்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் எலுமிச்சைச் சாற்றில் போட்டேன். சற்று நேரத்தில் முத்தைச் சுற்றிக் குண்டூசி முனை அளவில் குமிழிகள் ஒட்டிக்கொண்டன. மறுநாள் காலை எடுத்தபோது பளபளப்பு போய், சுவரில் அடித்த சுண்ணாம்பு போல வெளிறி இருந்தது. முத்தில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு வகை. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் முத்தின் பக்கம் வரக்கூடாது என்று படித்திருந்தேன். ஆனால் அந்தக் குமிழியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மனதில் நின்றது. வியர்வையிலும் கொஞ்சம் அமிலம் உண்டு. எங்கள் சேலத்துச் சித்திரை வெயிலில் இதை மறக்க முடியாது.

ஆக 65 முத்து.

பங்குனி: நூலும் முடிச்சும்

அம்மாபேட்டையில் தறி வைத்திருக்கும் உறவினர் வீட்டில் பட்டு நூல் வாங்கி வந்தேன். சரிப்படவில்லை. நெசவு நூல் மிக மெல்லிசு, முடிச்சு போட்டால் ஓட்டைக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது. நாலு இழையாகச் சேர்த்தால் ஊசி நுழையவில்லை, முத்தின் ஓட்டை முக்கால் மில்லிமீட்டர்தான். கடைசியில் மணி கோர்ப்பதற்கென்றே விற்கும் முறுக்குப் பட்டு நூல் வாங்கினேன். இரண்டு மீட்டர் எடுத்து, நுனியில் ஒரு பூட்டைக் கட்டி ஜன்னல் கம்பியில் ஒரு ராத்திரி தொங்கவிட்டேன். இப்படி முன்பே இழுத்து வைத்தால் மாலை பிறகு தொய்வது குறையும்.

முடிச்சுதான் இதில் உண்மையான வேலை. முதல் தடவை இருபது முத்து கோர்த்த பிறகு தூக்கிப் பிடித்தேன். முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவில் நூல் தெரிந்தது. பட்டில் இறுகிய முடிச்சை அவிழ்க்க முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும். இரண்டாம் தடவையும் வெட்டினேன். மூன்றாம் தடவைதான் கை பழகியது. முத்தைக் கோர்த்ததும் நூலில் தளர்வாக ஒரு வளையம் போட வேண்டும். வளையத்துக்குள் ஒரு தடித்த ஊசியை விட்டு, அந்த ஊசியாலேயே முடிச்சை முத்தை ஒட்டும் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒட்டியதும் ஊசியை உருவி, கட்டைவிரல் நகத்தால் முடிச்சை அழுத்தி, இரட்டை இழையைப் பிரித்து இரண்டு பக்கமும் இழுத்தால் ‘நறுக்’ என்று உட்காரும். அந்தச் சத்தம் விரலில் தெரியும். முதல் நாள் சாயங்காலம் ஒன்பது முத்து. கடைசி நாளில் ஒரு மணி நேரத்தில் இருபது.

முடிச்சு இருந்தால் ஒரு முத்தோடு ஒன்று உரசாது, நூல் அறுந்தாலும் ஒன்றுதான் விழும். ஆறு குறைந்தும் மாலை சிறுக்கவில்லை. முடிச்சுகள் சேர்ந்து, முன்பு 17 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தது இப்போது ஏறக்குறைய 18.

கொக்கி வேலையைச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தம்பி செய்து கொடுத்தான். கொக்கியில் நூல் நேராக உரசாமல் இருக்க, தலைமுடி போன்ற வெள்ளிக் கம்பியை ஸ்பிரிங் மாதிரி சுருட்டி, நூலை அதற்குள் விட வேண்டும். சொன்னதும் புரிந்துகொண்டான். “பத்தவைக்கிறதெல்லாம் முன்னாடியே முடிச்சுத் தந்துடறேங்க்கா, முத்தைக் கோர்த்துட்டு நெருப்புகிட்ட கொண்டு வந்துடாதீங்க” என்றான். அப்புறம், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்றும் சொன்னான். பிரஷ் மட்டும் வேண்டாம் என்றேன். முத்து தங்கத்தைப் போலவே மெத்தென்றது, ஆனால் கீறினால் தங்கம் மாதிரி எளிதாகத் திரும்ப மெருகேற்ற முடியாது. வெள்ளிக்குப் போடும் விபூதியும் ஆகாது. ஈரப் பருத்தித் துணியால் துடைத்து, நூல் நன்றாகக் காயும் வரை துண்டில் கிடத்தி வைத்தால் போதும்.

வைகாசி: போட்டுப் பார்த்தது

முதலில் சேலம் வெண்பட்டுப் புடவையோடு வைத்துப் பார்த்தேன். வெள்ளையில் வெள்ளை கரைந்து, மாலை இருப்பதே தெரியவில்லை. அரக்குக் கலருக்கு மாறினேன். ஒவ்வொரு முத்துக்குள்ளும் ஒரு ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. 18 அங்குலம் கழுத்தெலும்புக்குக் கீழே சரியாக உட்காருகிறது. ரவிக்கைக் கழுத்து அதற்கும் கீழே இறங்கியிருந்தால் அழகு. காதில் ஒற்றை முத்துத் தோடு போதும், கல் ஜிமிக்கி வேண்டாம் என்பது என் கட்சி.

நம் பெண்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தாலிக்கொடி. பின்கழுத்தில் கொடியும் முத்தும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்து உரசும். பழைய மாலையில் கொக்கிப் பக்கத்து முத்துகளில்தான் கீறல் அதிகம் என்பதை லென்ஸில் பார்த்திருந்தேன். அதனால் அன்று கொடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, பின்பக்கம் ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு, முத்தை மேலே போட்டேன். பவுடர், சென்ட், தலைக்குப் பூ எல்லாம் முடிந்த பிறகு, வீட்டை விட்டுக் கிளம்பும்போதுதான் மாலை. வரவேற்பில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனமும் பட்டது. மண்டபத்திலேயே ஒரு கைக்குட்டையால் ஒற்றி எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றியதும் அதைத்தான்.

இப்போது துணிப்பையில் படுக்கையாக வைக்கிறேன், தொங்கவிட்டால் நூல் நீளும். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், தங்கத்தோடு சேர்த்தும் வேண்டாம். வாரம் ஒரு நாளாவது அம்மா போட்டுக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது, பருத்திப் புடவை மேலேயே.

போன வாரம் ஏற்காட்டிலிருந்து சித்தி தன் இரட்டைச் சரத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். மலையின் ஈரத்தில் முத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, நூல்தான் சாம்பல் பூத்து இற்றுப்போயிருக்கிறது. 118 முத்து. இன்று காலை முறத்தில் கொட்டி, நாற்பது வரை ஓட்டை பார்த்திருக்கிறேன். இதுவரை எல்லாம் அசல்.