பௌரைடரா, பொன்டூனா: குடும்பத்துக்கு ஒரு படகு

கனடாவின் ஒன்ராறியோவில் உள்ள சிம்கோ ஏரியில் ஓட ஒரு படகு வாங்குவது என்று முடிவானதும், தேடித் தேடிக் கடைசியில் இரண்டு தேறின. ஒன்று 18 அடி பௌரைடர், முன்மூக்கிலும் இருக்கை உள்ள ஃபைபர் படகு. மற்றது 22 அடி பொன்டூன், மூன்று அலுமினியக் குழாய்களின் மேல் தட்டையான தளம், சுற்றிவரக் கம்பி அடைப்பு, பின்னால் வெளியே பூட்டிய 115 குதிரைவலு அவுட்போர்ட் எஞ்சின். இரண்டும் பாவித்தவை, விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மகனுக்குக் கண் பௌரைடரில். எனக்கும் முதலில் அதுதான் பிடித்தது. சிம்கோ 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த ஏரி. காலையில் அசையாமல் கிடக்கும், மத்தியானம் காற்று எழும்பினால் அலை குத்தும். அந்த அலையை வெட்டிக்கொண்டு போக பௌரைடரின் வி வடிவ அடிப்பாகம்தான் நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள். அது உண்மையும்தான்.

ஆனால் வாங்க முன்னம் இரண்டையும் தண்ணீரில் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் வீட்டில் எல்லாரையும் ஏற்றித்தான் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். பௌரைடரில் ஏற, துறைமேடையிலிருந்து படகின் விளிம்பைத் தாண்டி, வழுக்கும் இருக்கை மெத்தையில் ஒரு காலை வைத்து, பிறகு கீழே இறங்க வேண்டும். மருமகள் ஒரு கையையும் நான் மறு கையையும் பிடித்தோம். அம்மா மெத்தையில் ஒரு கால், மேடையில் ஒரு கால் என்று நின்றபோது படகு மெல்ல விலகியது. அந்த இடைவெளியைப் பார்த்த பிறகு எனக்கு வேகத்தைப் பற்றிக் கதைக்க மனம் வரவில்லை. பொன்டூனில் கதவைத் திறந்தார்கள், தளம் மேடையோடு மட்டமாக இருந்தது. அம்மா தானாக நடந்து போய் உட்கார்ந்தா.

எஞ்சினையும் பார்க்க வேண்டும். அந்தப் பௌரைடரில் எஞ்சின் உள்ளே, பெட்டிக்குள். பெட்ரோல் ஆவி தேங்கி நிற்கலாம் என்பதால் ஸ்டார்ட் பண்ண முன், ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோவரை 4 நிமிடமாவது ஓடவிட வேண்டும். நாங்கள் கூட்டிப்போன மெக்கானிக், ஸ்டெர்ன்டிரைவின், அதாவது உள்ளே இருக்கும் எஞ்சினோடு இணைந்து படகின் பின்புறம் வெளியே நிற்கும் உந்துபகுதியின், ரப்பர் பெல்லோஸை (தண்ணீர் உள்ளே வராமல் மூடும் மடிப்பு உறையை) விரலால் விரித்துக் காட்டினார். மடிப்புக்குள் மெல்லிய வெடிப்புகள். அது கிழிந்தால் தண்ணீர் உள்ளே வந்து படகே தாழலாம். அவுட்போர்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. குளிர்காலத்துக்கு முன் எஞ்சினை நேராக நிறுத்தினால் உள்ளே நிற்கும் தண்ணீர் தானாக வடிந்துவிடும்.

பொன்டூனிலும் குறை உண்டு. பக்கக் காற்று அதன் அடைப்பைப் பிடித்துத் தள்ளும், கரையில் கட்டுவது சிரமம். ஆனால் காற்றடித்த டியூபில் பிள்ளைகளை ஏற்றிப் பின்னால் இழுக்க அந்த எஞ்சின் தாராளம் என்று மகனே ஓட்டிப் பார்த்துச் சொன்னான். பொன்டூனையே வாங்கினோம்.

முதல்முறை வாங்குபவர்களுக்கு: எஞ்சின் படகு ஓட்டும் எவருக்கும் ஆப்பரேட்டர் கார்ட், அதாவது படகு ஓட்டத் தெரியும் என்பதற்கான அத்தாட்சி அட்டை, வேண்டும். படகின் லைசென்ஸ் இலக்கம் முன்பக்கம் இரு புறமும், 7.5 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமுள்ள எழுத்துகளில் இருக்க வேண்டும். ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். சின்னவர்களுக்குப் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

நடு ஏரியில் வெள்ளை நுரை தெரிந்தால் நாங்கள் தெற்கே குக்ஸ் குடாவுக்குள்ளேயே சுற்றுவோம். வடக்குக் காற்றென்றால் அங்கும் அலை ஏறும், அன்றைக்குப் படகை அவிழ்ப்பதில்லை.