பின் லைட்டுக்கு எல்இடி: கடற்கரை ஊரில் கவனிக்க வேண்டியவை

பல கார்களின் பின் லைட்டில் 12 வோல்ட், 21/5 வாட் இரட்டை இழை பல்ப் இருக்கும். 5 வாட் இழை இரவு லைட்டுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. முளை வைத்த பல்ப் என்றால் இரு முளையும் வெவ்வேறு உயரம். இறங்காவிட்டால் அரை வட்டம் திருப்பிப் போடுங்கள், அமத்தித் திணிக்க வேண்டாம்.

சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடியே சரி. வெள்ளை போட்டால் வெளிறித் தெரியும். மலிவானவற்றில் இரவு வெளிச்சமும் பிரேக் வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அது ஆபத்து. நல்ல வெயிலில் பிரேக்கை மிதித்து, பின்னால் ஒருவரை நிறுத்திப் பாருங்கள்.

சிக்னலையும் மாற்றினால் படபடவென்று மின்னும். எல்இடி இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால், பல்ப் எரிந்து போய்விட்டதாக ரிலே (சிக்னலை மின்ன வைக்கும் சுவிட்ச்) எடுத்துக்கொள்கிறது. 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை சிக்னல் வயருக்கும் எர்த்துக்கும் இடையில் போட்டால் படபடப்பு நிற்கும். ஆனால் சிக்னல் எரியும்போது ரெசிஸ்டர் 30 வாட்டுக்கு மேல் சூடாகும். அதைக் காரின் தகரத்தில் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள்; பிளாஸ்டிக்கில் ஒட்டினால் உருகிவிடும். தனி ரிலே உள்ள காரென்றால் எல்இடி ரிலே போடுவதே சுத்தமான வேலை.

திருகோணமலைக் கடற்கரையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பல்ப் ஹோல்டர் சீக்கிரம் பச்சை பிடிக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (கரண்ட் கடத்தாத, ஈரம் தடுக்கும் கிரீஸ்) கொஞ்சம் பூசுங்கள். லைட்டின் காற்றுத் துளையை மட்டும் சிலிக்கோனால் அடைக்காதீர்கள், உள்ளே வேர்த்துத் தண்ணீர் தேங்கும். மாரி மழைக்கு முன் ஹோஸால் தண்ணீர் அடித்து, காரின் டிக்கிக்குள் ஈரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் லைட்டின் கேஸ்கெட்டை (தண்ணீர் புகாமல் தடுக்கும் பட்டை) மாற்றுங்கள்.