உயரமான பையனை வளையத்தடியில் கட்டிப்போடாதீர்கள்

உயர்நிலை இரண்டில் 180 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பையன் கிடைத்துவிட்டால் போதும், சிங்கப்பூரில் பள்ளிக் கூடைப்பந்து அணியில் அவனை நேரே வளையத்தடியில் நிறுத்திவிடுகிறோம். மற்றவர்கள் மேலே தூக்கிப் போடுவார்கள், அவன் பிடித்துத் திரும்பிப் போடுவான். தேசியப் பள்ளி விளையாட்டுகளின் ‘சி’ பிரிவில், அதாவது உயர்நிலைத் தொடக்க வகுப்புகளுக்கான போட்டியில், அதுவே வெற்றிக்குப் போதும். ஆனால் பலர் 186, 188-லேயே நின்றுவிடுகிறார்கள். தொழில்முறை ஆட்டத்தில் அது, பந்தைக் கொண்டுவந்து வெளியிலிருந்து ஆடும் ‘கார்டு’க்கான உயரம். 2009-இல் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில் வளையத்தடி வேலைக்கு இரண்டு மீட்டரைத் தாண்டிய வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத்தான் அணிகள் தேடிப் பிடித்தன. அந்த லீக்கில் மூன்று முறை இறுதிச்சுற்று வரை போன சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸும் அப்படித்தான். உள்ளூர்ப் பையனுக்கு மிஞ்சுவது பந்தைக் கொண்டுவருவது, வெளியிலிருந்து எறிவது, எதிரணியின் வேகமான ஆளை மறிப்பது. பள்ளியில் அவனுக்குச் சொல்லித்தராமல் விட்டதும் இந்த மூன்றையும்தான்.

ஆகவே 14 வயதில் அவன் எங்கே நிற்கிறான் என்பதைவிட, 22 வயதில் எங்கே நிற்பான் என்பதைப் பார்த்துப் பயிற்சியை அமைக்க வேண்டும்.

முதலில் டிரிபிள், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது. உயரமான பையன்கள் பந்தை இடுப்புக்கு மேல் தட்டுவார்கள், கண் பந்திலேயே இருக்கும். எதிரே ஒருவர் விரல்களைக் காட்டட்டும்; பையன் முழங்கால் உயரத்தில் தட்டிக்கொண்டே எண்ணைச் சத்தமாகச் சொல்லட்டும். ஒரு கைக்கு 30 விநாடி, நான்கு சுற்று. இடக்கைக்கு இரட்டிப்பு நேரம் கொடுங்கள். தரையைப் பார்த்தால் எண் தவறும், கெஞ்சித் திருத்த வேண்டியதில்லை.

எறிதல் இதைவிடப் பொறுமை கேட்கும். 7-ஆம் எண் பந்து ஏறக்குறைய 600 கிராம். மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர் தொலைவில். கால் வலு வராத பையன் அங்கிருந்து எறிந்தால் பந்தை மார்பிலிருந்து தள்ளுவான். வலு வந்த பிறகும் அந்தத் தள்ளல் போகாது. இரண்டு மீட்டரில் தொடங்குங்கள்: ஒற்றைக் கையால், வளையத்தின் விளிம்பில் படாமல் 25 விழ வேண்டும். பிறகு ஓர் அடி பின்னால். பந்து பக்கவாட்டில் சுழன்றால் துணைக்கையின் கட்டைவிரல் தட்டுகிறது என்று பொருள். பந்து தட்டையாகப் போனால் முழங்கால் மடங்கவில்லை. எறிந்ததை எண்ண வேண்டாம், விழுந்ததை மட்டும் எண்ணுங்கள். பெண்களுக்கு 6-ஆம் எண் பந்து. பயிற்சியிலும் அதுவேதான், “கனமான பந்தில் பழகினால் வலு கூடும்” என்ற பேச்சை நம்ப வேண்டாம், குலைவது எறியும் முறைதான்.

பதினெட்டுப் பேர், இரண்டு வளையம். லே-அப்புக்கு, அதாவது ஓடிவந்து வளையத்தருகே பந்தைப் போடுவதற்கு, ஒன்பது பேர் வரிசையில் நின்று ஆளுக்கு 5 விநாடி எடுத்தால், ஒருவன் கைக்குப் பந்து வர முக்கால் நிமிடம் ஆகும். அது பயிற்சியல்ல, டாக்சி நிறுத்தம். ஒரு வளையத்தில் இருவர் இருவராக எறிபவரும் பந்து எடுப்பவரும், இன்னொன்றில் மூவருக்கு மூவர் ஆட்டம், ஓரத்தில் டிரிபிள். 12 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும்.

மூவர் ஆட்டத்தை 3x3 விதிப்படியே நடத்துங்கள்: 12 விநாடிக்குள் எறிய வேண்டும், ஓரத்திலிருந்து யாரும் கத்தக் கூடாது. இதில்தான் பிக் அண்ட் ரோல் புரியும்: பந்து வைத்திருப்பவனை மறிப்பவனின் வழியில் நண்பன் திரைபோல் நிற்பான், பிறகு வளையத்தை நோக்கி உருண்டு ஓடுவான். மறிப்பவன் திரைக்குப் பின்னால், வளையப் பக்கமாக நழுவினால் எறி. திரையின் முன்பக்கமாகத் துரத்தி வந்தால் உள்ளே புகு. இருவர் பாய்ந்தால் உருண்டு ஓடும் நண்பனுக்குக் கொடு. உயரமான பையன் பந்தோடு ஒரு நாள், திரையாக ஒரு நாள் ஆட வேண்டும்.

‘சி’ பிரிவில் 2-3 ஸோன் தடுப்பு (முன்னால் இருவர், பின்னால் மூவர், ஆளை விட்டு இடத்தைக் காப்பது) வெல்வதற்குக் காரணம் தடுப்பின் சிறப்பல்ல. எதிரே உள்ள பிள்ளைகளால் மைதானத்தின் குறுக்கே பந்தை வீச முடிவதில்லை, அவ்வளவுதான். அதிலேயே இரண்டு ஆண்டு நின்றவனுக்கு ஒருவனைத் தனியாக மறிக்கும் கால்வேகம் வராது. போட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சியில் வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில், உயரத்தை அளந்து குறித்து வையுங்கள். ஒரு காலாண்டில் 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் குதிக்கும் பயிற்சியைப் பாதியாக்குங்கள். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது; முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்புமேட்டில் வலி எடுக்கும். அடுக்குமாடிக்குக் கீழே உள்ள சிமெண்ட் திடலில் குதிக்கவே விடாதீர்கள். அங்கே எறியலாம், தட்டலாம். நொண்டியபடி ஆடுகிறவனை ஆட்டத்திலிருந்து எடுங்கள், அரையிறுதியாக இருந்தாலும். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பிறகு தேசிய சேவை, அதாவது கட்டாயச் சீருடைப் பணி. மற்ற நாட்டுப் பையன்கள் கல்லூரி அணிகளில் வளரும் அந்த இரண்டு ஆண்டுகளும் நம் பையன் சீருடையில் இருக்கிறான். சேவையைத் தள்ளிவைக்கும் அனுமதி விளையாட்டாளர்களில் மிகச் சிலருக்கே கிடைக்கும். அதை நம்பித் திட்டம் போட முடியாது. உடல் வலு முகாமில் கிடைத்துவிடும், பந்து பழக்கம்தான் தேயும். அதனால் சேர்வதற்கு முன் அவன் எறிவதை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் காணொளி எடுத்துக் கொடுங்கள். வார இறுதியில் வீட்டுக்கு வந்ததும் 40 நிமிடம்: கிட்டத்தில் 25, ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிவது) 50, ஐந்து இடங்களிலிருந்து மூன்று புள்ளி பத்துப் பத்தாக, மீதி நேரம் இடக்கை. பழைய காணொளியோடு மாதம் ஒருமுறை ஒப்பிட்டால் முழங்கை எப்போது வெளியே விலகத் தொடங்கியது என்று அவனுக்கே தெரியும்.

“படிப்பு என்னாவது?” என்று அப்பா அம்மா கேட்பார்கள். நியாயமான கேள்விதான், இங்கே கூடைப்பந்தை மட்டும் நம்பி வாழ்கிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பயிற்சி அட்டவணையைப் போடும்போதே தேர்வு வாரங்களை அடித்துவிட்டுக் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகு சனிக்கிழமை காலைப் பயிற்சிக்குப் பெரும்பாலும் மறுப்பு வராது.