மாரீ முதல் வில்லியம் க்ரீக் வரை

மாரீயில் காலை ஏழு மணிக்கே ஈக்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. ஹெல்மெட்டைக் கழற்றினால் மூக்கிலும் கண்ணிலும் வந்து உட்காரும். மாட்டினால் உள்ளே ஒன்று மாட்டிக்கொண்டு கூடவே பயணம் செய்யும்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் இந்தச் சிற்றூரிலிருந்து இரண்டு புகழ்பெற்ற மண்சாலைகள் பிரிகின்றன. வடக்கே போவது பேர்ட்ஸ்வில் பாதை. நாங்கள் பிடித்தது வடமேற்கே போகும் ஊட்னடாட்டா பாதை. மார்லா வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர். அன்றைக்கு வில்லியம் க்ரீக் வரை 204 கிலோமீட்டர் மட்டும்தான். ஆனால் நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது. எங்கள் சுஸுகி டிஆர் 650 பைக்கின் டேங்க் 13 லிட்டர். மணலில் எவ்வளவு குடிக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் ஆளுக்கொரு ஐந்து லிட்டர் கேனைப் பின்னால் கட்டிக்கொண்டோம். தண்ணீர் அதைவிட அதிகம். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினோம். ஊர் எல்லையில் இருந்த சாலை நிலவரப் பலகை ‘திறந்திருக்கிறது’ என்றது. மழை பெய்தால் இந்தக் களிமண் பசையாகிவிடும், பாதையையே மூடிவிடுவார்கள்.

இந்தப் பாதை ஏன் இப்படி வளைந்து போகிறது என்று வரைபடத்தில் பார்த்தால் புரியாது. வண்டியில் போனால்தான் புரிகிறது: ஊற்று விட்டு ஊற்றுக்குப் போகிறது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான அரபானா மக்கள் காலங்காலமாக அறிந்திருந்த ஊற்றுகள் இவை. 1859-க்குப் பின் நாடாய்வுப் பயணி ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் வடக்கே போனார். 1872-இல் முடிந்த தந்திக் கம்பி அவர் தடத்திலேயே போனது. நீராவி ரயிலுக்கும் தண்ணீர் வேண்டுமே, அதுவும் இங்கேயே வந்தது. 1884-இல் மாரீயைத் தொட்ட ரயில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய்ச் சேர்ந்தது 1929-இல். அதுதான் பழைய ‘கான்’ ரயில். வெள்ளம் அடிக்கடி தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனதால், மேற்கே புதுப் பாதை போட்டு 1980-இல் இதை மூடிவிட்டார்கள்.

முதல் ஐம்பது கிலோமீட்டரில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சரளை, வரிவரியாக மேடு பள்ளம், கைக்கு நடுக்கம். எதிரே வரும் ஜீப்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்வார். அவர் கிளப்பிய புழுதியில் அடுத்த அரை நிமிடம் ஒன்றும் தெரியாது. நடுவில் யாரோ ஒரு கலைஞர் இரண்டு பழைய விமானங்களைச் செங்குத்தாக நட்டு வைத்திருக்கிறார். சிரித்துவிட்டுக் கடந்தோம்.

தெற்கு ஐர் ஏரி வெள்ளை உப்பாகக் கிடந்தது. கடல் மட்டத்துக்கு சுமார் 15 மீட்டர் கீழே இருக்கும் நாட்டின் மிகத் தாழ்வான இடம் இதற்கு அப்பால், பெரிய வடக்கு ஏரியில். அடுத்து கர்டிமர்க்கா ரயில் நிலையம். ஆளில்லாத கட்டடம், துண்டுத் தண்டவாளம், பக்கத்தில் ஓர் இரும்புக் கோபுரம். ஊற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம், அப்படியே ஊற்றினால் இன்ஜின் கொதிகலன் உள்ளே காறை பிடித்துவிடும். அதை மென்மையாக்கத்தான் அந்தக் கோபுரம். எனக்கு ஏரியைவிட இதுதான் பிடித்தது.

பப்ளர் என்ற ஊற்றுக்குப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும். வறண்ட மேட்டின் உச்சியில், கோரைப்புல் சூழ, ஒரு சின்னக் குளம். அடியில் சாம்பல் நிற மணல் கஞ்சி கொதிப்பதுபோல் மெல்ல உப்புகிறது. ஒரு கொப்புளம் பெரிதாகி உடைகிறது, மணல் வட்டமாக விலகிப் படிகிறது, அடுத்தது கிளம்புகிறது. சத்தமே இல்லை. கன்மாரி என்ற பாம்பை மூதாதை ஒருவர் இங்கே கொன்றார், அதன் துடிப்புதான் இது என்கிறது அரபானா கதை. அதன் உடலைச் சமைத்த அடுப்பு பக்கத்திலிருக்கும் பிளாஞ்ச் கப் ஊற்று. எறிந்த தலை ஹாமில்டன் குன்று. நீரோ, ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அடியில் பரவியிருக்கும் ஆர்ட்டீசியன் படுகையின் நீர், அதாவது பாறை அடுக்குகளுக்குள் அழுத்தத்தில் அடைபட்டு, வழி கிடைத்தால் தானே மேலே வரும் நிலத்தடி நீர். கிழக்கே பெய்த மழை பாறைக்குள் ஊர்ந்து, இந்தப் பக்கம் வர 10 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் எடுத்துக்கொண்டிருக்கலாம். ராமநாதபுரத்து நண்பர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். “எங்க ஊர்ல முன்னூறு அடி போட்டும் காத்துதான் வருது, இங்க பாருங்க” என்றார். அந்தக் கோபம் நியாயமானது.

காவர்ட் ஸ்பிரிங்ஸில் ரயில்காரர் காலத்துப் பேரீச்சை நிழலில் ரொட்டியைத் தின்றோம். அதன்பின் மணல் அதிகமானது. எழுந்து நின்று, எடையைப் பின்னுக்குத் தள்ளி, வேகத்தைக் குறைக்காமல் ஓட்ட வேண்டும். பயந்து பிரேக் போட்டால் முன்சக்கரம் புதையும்.

வில்லியம் க்ரீக்கில் நிரந்தரமாக வசிப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். சுற்றிலும் அன்னா க்ரீக் என்ற உலகின் மிகப் பெரிய மாட்டுப் பண்ணை. 1887-இல் தொடங்கிய ஹோட்டலின் சுவர், கூரை எல்லாம் வந்தவர்கள் குத்திவிட்டுப் போன அட்டைகளும் நோட்டுகளும். எதிரே உமேரா ஏவுதளத்து ராக்கெட் துண்டுகள். பெட்ரோல் விலையைப் பார்த்து யாரும் வாய் திறக்கவில்லை. பேரம் பேச அடுத்த பங்க் எங்கே இருக்கிறது?

இரவு சாப்பாட்டில் ஒரே வாக்குவாதம். மேற்கே 166 கிலோமீட்டரில் கூபர் பீடி என்ற ஊர், அங்கே நல்ல படுக்கை என்றார் நண்பர். நான் ஊட்னடாட்டா கட்சி. வழியில் நீல்ஸ் ஆற்றின் மேல் 578 மீட்டர் நீள அல்ஜிபக்கினா ரயில் பாலம் இருக்கிறது. காலையில் மேகம் தெரிந்தால் கூபர் பீடி, இல்லாவிட்டால் பாலம் என்று முடிவானது.